வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண்கள் தாயாகலாமா? "நிறுத்து" போய் "முன்பே மாற்று" வந்த கதை

வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வரும் பெண் கர்ப்பம் ஆனால் என்ன செய்வது? ஒரு காலத்தில் இதற்கு இரண்டே பதில்தான் இருந்தது. ஒன்று, "குழந்தையே வேண்டாம்". இல்லாவிட்டால், "மாத்திரையை உடனே நிறுத்து". வீட்டில் உள்ள பெரியவர்கள் மட்டும் அல்ல, சில டாக்டர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

இன்று டாக்டர்கள் சொல்வது தலைகீழ். "தாராளமாக குழந்தை பெறலாம். மாத்திரையை நிறுத்தக்கூடாது. ஆனால் கர்ப்பம் ஆவதற்கு முன்பே சரியான மாத்திரைக்கு மாறி விட வேண்டும்" என்கிறார்கள்.

இந்த மாற்றம் ஒரே நாளில் வந்தது அல்ல. இதன் பின்னால் 150 வருட கதை இருக்கிறது. குமரி மாவட்ட எல்லையை தாண்டியதும் வரும் திருவனந்தபுரத்தில் 1998-ம் ஆண்டு திறக்கப்பட்ட ஒரு பதிவேட்டுக்கும் இதில் பங்கு உண்டு. இதுபற்றிய விவரம் வருமாறு:-

தாலி ஏறியதும் நிற்கும் மாத்திரை

காக்கா வலிப்பு, இழுப்பு என்று ஊரில் பல பெயர்களில் சொல்லப்படும் இந்த நோய் மூளையில் ஏற்படும் மின் அதிர்வால் வருகிறது. ஆனால் பேய், காத்து கருப்பு என்று கதை கட்டி, கையில் சாவிக்கொத்தை திணிப்பது இன்னும் நின்றபாடில்லை.

வயசுப் பெண்ணுக்கு வலிப்பு என்றால் வீட்டில் முதலில் வரும் கவலை கல்யாணம்தான். "வெளியே தெரிஞ்சா யாரு பொண்ணு எடுப்பாங்க?" என்று மறைத்து விடுகிறார்கள். கல்யாணம் முடிந்து மாமியார் வீட்டுக்கு போகும்போது மாத்திரை அட்டை பெட்டியின் அடியில், சேலைக்கு நடுவில் ஒளிந்து கொள்கிறது. புது இடம், வீடு நிறைய சொந்தக்காரர்கள். யார் கண்ணிலும் படாமல் தினமும் இரண்டு வேளை மாத்திரை போட முடியுமா? ஒரு நாள் விடுகிறது, இரண்டு நாள் விடுகிறது, கடைசியில் நின்றே போகிறது. தூக்கமும் சரியாக இல்லை. சில வாரத்தில் நடு கூடத்தில் வலிப்பு வந்து விழுகிறாள். அதுவரை மறைத்தது ஒரே நிமிடத்தில் ஊருக்கே தெரிந்து விடுகிறது. அதற்குள் அவள் கர்ப்பமாகவும் இருந்தால் சிக்கல் இரட்டிப்பு ஆகி விடுகிறது.

இந்த பயத்துக்கு சட்டமும் ஒரு காலத்தில் துணை போனது. 1955-ம் ஆண்டு இந்து திருமண சட்டத்தில், அடிக்கடி வலிப்பு வருபவர்களின் திருமணத்துக்கு தடை இருந்தது. 1999-ம் ஆண்டு கடைசியில்தான் அந்த வார்த்தை சட்டத்தில் இருந்து நீக்கப்பட்டது. சிறப்பு திருமண சட்டத்திலும் எடுத்து விட்டார்கள். அதாவது வலிப்பை மட்டும் காரணம் காட்டி ஒரு கல்யாணத்தை செல்லாது என்று சொல்ல இப்போது சட்டத்தில் இடம் இல்லை. சட்டம் மாறி 25 வருடம் தாண்டி விட்டது. மனசு மாறத்தான் நேரம் ஆகிறது.

28 நாள் கணக்கு

மறைப்பதால் வரும் நஷ்டம் என்ன என்பதை புரிந்து கொள்ள ஒரு சின்ன கணக்கு தெரிந்தால் போதும்.

கரு உருவான 28 நாளுக்குள் குழந்தையின் மூளை, முதுகுத்தண்டு ஆகியவற்றுக்கான குழாய் மூடி விட வேண்டும். மூடாமல் போனால் முதுகில் ஓட்டையுடன் குழந்தை பிறக்கும். இதய அறைகள், உதடு, அண்ணம் எல்லாம் உருவாவதும் முதல் மூன்று மாதத்தில்தான்.

கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளில் இருந்து எண்ணினால் அந்த 28-வது நாள் என்பது சுமார் 6 வாரம். "நாள் தள்ளிப் போச்சு" என்று தெரிந்து, கடையில் கர்ப்ப பரிசோதனை அட்டை வாங்கி பார்த்து, வீட்டில் சொல்லி, டாக்டரிடம் போவதற்குள் பல பெண்களுக்கு அந்த 6 வாரம் முடிந்து விடுகிறது. ஆபத்தான மாத்திரை என்றால் அது செய்ய வேண்டியதை செய்து முடித்திருக்கும். அதற்கு பிறகு பதறிப்போய் நிறுத்துவதால் முதுகுத்தண்டுக்கு பலன் இல்லை. தாய்க்கு வலிப்பு வருவதுதான் மிச்சம்.

அதனால்தான் "கர்ப்பம் ஆன பிறகு வராதீர்கள், ஆவதற்கு முன்பே வாருங்கள்" என்று டாக்டர்கள் தொண்டை கிழிய சொல்கிறார்கள்.

ராணிக்கு பிரசவம் பார்த்த டாக்டர்

வலிப்புக்கு முதன்முதலில் பலன் தந்த மருந்தை சொன்னவரே ஒரு பிரசவ டாக்டர்தான். இங்கிலாந்து ராணி விக்டோரியாவுக்கு பிரசவம் பார்த்த சர் சார்லஸ் லோகாக், 1857-ம் ஆண்டு லண்டனில் நடந்த டாக்டர்கள் கூட்டத்தில், பொட்டாசியம் புரோமைடு என்ற உப்பு கொடுத்து பெண்களுக்கு வலிப்பு நின்றதாக தெரிவித்தார். பிறகு இந்த உப்பு பல நாடுகளுக்கும் பரவியது. வலிப்பு குறைந்தாலும், சாப்பிட்டவர்கள் மந்தமாகி போனார்கள்.

1912-ல் ஜெர்மனி டாக்டர் ஆல்பிரட் ஹாப்ட்மன், தூக்க மாத்திரையாக இருந்த பீனோபார்பிட்டோன் வலிப்பையும் அடக்குவதை கண்டுபிடித்தார். 1938-ல் அமெரிக்காவில் பெனிட்டாயின் வந்தது. 1960-களில் கார்பமசெபின். 1967-ல் பிரான்சில் வால்புரோயேட். இன்றும் நம்மூர் மருந்து சீட்டுகளில் இந்த 4 பெயர்களையும் பார்க்கலாம்.

ஆனால் 1857-ல் இருந்து 100 வருடத்துக்கு மேல், இந்த மருந்துகள் வயிற்றில் உள்ள குழந்தையை என்ன செய்யும் என்று பெரிதாக யாரும் கேட்கவில்லை. அந்த காலத்தில் வலிப்பு நோய் உள்ள பெண்களில் பலருக்கு கல்யாணமே நடக்காததும் ஒரு காரணம்.

அடுத்தடுத்து அதிர்ச்சி

1968-ம் ஆண்டு இங்கிலாந்து டாக்டர் ராய் மெடோ ஒரு மருத்துவ பத்திரிகைக்கு கடிதம் எழுதினார். வலிப்பு மாத்திரை சாப்பிட்ட தாய்மார்களுக்கு உதடு பிளவு, அண்ணப் பிளவுடன் குழந்தை பிறப்பதை பார்க்கிறேன், மற்ற டாக்டர்களும் பார்த்தீர்களா? என்பதுதான் கடிதத்தின் சாரம். அப்போதுதான் உலகம் விழித்துக் கொண்டது.

1975-ல் பெனிட்டாயின் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளிடம் முகம், விரல் நகங்களில் ஒரே மாதிரி குறைபாடு இருப்பதாக அமெரிக்க டாக்டர்கள் எழுதினார்கள். 1982-ல் பிரான்சின் லியோன் நகரில் இருந்து அடுத்த குண்டு விழுந்தது. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் வால்புரோயேட் சாப்பிட்ட பெண்களின் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டு பிளவு அதிகமாக வருவதாக அங்குள்ள பதிவேடு காட்டியது. 100 குழந்தைக்கு 1 அல்லது 2 என்ற அளவில் அந்த ஆபத்து இருந்தது.

பயந்து போன பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். இது இன்னொரு ஆபத்தை கொண்டு வந்தது.

நிறுத்தினால் என்ன ஆகும்?

பெரிய வலிப்பு வரும்போது தாய்க்கு மூச்சு தடைபடுகிறது. குழந்தைக்கு போகும் ஆக்சிஜனும் குறைகிறது. வயிறு அடிபட விழுந்தால் நச்சுக்கொடி பிரிந்து விடலாம். கிணற்றடி, அடுப்படி, மாடிப்படி எல்லாமே ஆபத்தான இடங்கள். தூக்கத்தில் வலிப்பு வந்து, காலையில் எழுப்ப போனால் உயிர் இல்லை என்ற சம்பவங்களும் உண்டு. மாத்திரையை விட்டவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

2015-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு இதை எண்ணிக்கையில் சொன்னது. பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் வலிப்பு நோய் இல்லாத பெண்கள் 1 லட்சம் பேருக்கு 6 பேர் இறந்தார்கள். வலிப்பு நோய் உள்ளவர்களில் அதுவே 1 லட்சத்துக்கு 80 பேர்.

ஆக, சாப்பிட்டால் குழந்தைக்கு ஆபத்து, நிறுத்தினால் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. எந்த மாத்திரை, எவ்வளவு டோஸ், எத்தனை சதவீத ஆபத்து என்று தெரிந்தால்தான் இந்த முடிச்சு அவிழும்.

கர்ப்பிணிகளை வைத்து மருந்து சோதனை நடத்த முடியாது. ஒரு டாக்டர் தன் வாழ்நாளில் பார்க்கும் இப்படிப்பட்ட கர்ப்பிணிகளும் கொஞ்சம் பேர்தான். ஒரே வழி, ஒவ்வொருவரையும் பதிவு செய்து, பிறந்த குழந்தை வரை தொடர்ந்து போய், எண்ணிப் பார்ப்பது. அப்படி பிறந்தவைதான் பதிவேடுகள். இங்கிலாந்தில் 1996, அமெரிக்காவில் 1997, ஐரோப்பாவை மையமாக கொண்ட பன்னாட்டு பதிவேடு 1999.

திருவனந்தபுரத்தில் நடப்பது என்ன?

இந்த வரிசையில் 1998-ம் ஆண்டிலேயே திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் பதிவேடு தொடங்கி விட்டது. கேரளா வலிப்பு - கர்ப்ப பதிவேடு என்பது இதன் பெயர். நரம்பியல் டாக்டர் சஞ்சீவ் தாமஸ் தலைமையில் இது உருவானது. ஸ்ரீசித்திரை ஆஸ்பத்திரிக்கு குமரி, நெல்லை பக்கம் இருந்தும் வலிப்பு நோயாளிகள் பஸ், ரெயில் ஏறி போவது புதிய விஷயம் அல்ல.

குழந்தைக்கு திட்டமிடும் பெண்கள், கர்ப்பம் ஆன பெண்கள் இதில் சேர்க்கப்படுகிறார்கள். கர்ப்ப காலம் முழுக்க வலிப்பு எத்தனை தடவை வந்தது, என்ன மாத்திரை, என்ன டோஸ் என்று எழுதி வைக்கப்படுகிறது. பிறந்த குழந்தைக்கு 3 மாதத்தில் இதய எக்கோ எடுத்து பார்க்கிறார்கள். குழந்தைகள் வளர்ந்த பிறகு பேச்சு, புத்தி வளர்ச்சியையும் சோதித்து ஆய்வு நடத்தி இருக்கிறார்கள்.

சுமார் 1,300 கர்ப்பங்களை வைத்து 2012-ல் வெளியான இவர்களின் ஆய்வில் தெரிந்த விஷயம் முக்கியமானது. ஏறக்குறைய பாதிப்பேருக்கு கர்ப்ப காலம் முழுவதும் ஒரு தடவை கூட வலிப்பு வரவில்லை. ஆனால் கர்ப்பத்துக்கு முந்தைய மாதத்தில் வலிப்பு வந்திருந்தால், கர்ப்பத்தின்போதும் வரும் வாய்ப்பு 15 மடங்கு கூடுதல். பிரசவத்தை ஒட்டிய 3 நாட்கள்தான் ரொம்ப கவனமாக இருக்க வேண்டிய நாட்கள் என்பதும் தெரிந்தது.

20 வருட பதிவுகளை ஒப்பிட்டு 2020-ல் இன்னொரு ஆய்வு வந்தது. ஆரம்ப வருடங்களில் கர்ப்பிணிகளின் சீட்டில் அதிகம் இருந்த பழைய மாத்திரைகள் படிப்படியாக குறைந்து, லெவெடிரசெட்டம் போன்ற புதிய மாத்திரைகள் ஏறி இருந்தன. உலகம் முழுக்க நடந்த மாற்றம் நம் வாசலிலும் நடந்திருக்கிறது.

எந்த மாத்திரையில் எவ்வளவு ஆபத்து?

பல நாடுகளை சேர்ந்த 7,355 கர்ப்பங்களை ஆராய்ந்து பன்னாட்டு பதிவேடு 2018-ல் ஒரு பட்டியல் கொடுத்தது. ஒரே ஒரு மாத்திரை மட்டும் சாப்பிட்ட பெண்களின் குழந்தைகளில் பெரிய பிறவிக்குறை எவ்வளவு என்பது கணக்கு.

* வால்புரோயேட் - 10.3 சதவீதம்
* பீனோபார்பிட்டோன் - 6.5 சதவீதம்
* பெனிட்டாயின் - 6.4 சதவீதம்
* கார்பமசெபின் - 5.5 சதவீதம்
* டோபிரமேட் - 3.9 சதவீதம்
* ஆக்ஸ்கார்பசெபின் - 3 சதவீதம்
* லாமோட்ரிஜின் - 2.9 சதவீதம்
* லெவெடிரசெட்டம் - 2.8 சதவீதம்

எந்த மாத்திரையும் சாப்பிடாத சாதாரண பெண்களுக்கே 100-க்கு 2 அல்லது 3 குழந்தைகள் ஏதாவது குறையுடன் பிறக்கின்றன. அதோடு வைத்து பார்த்தால் கடைசி மூன்றும் கிட்டத்தட்ட சமம்.

டோசும் முக்கியம். வால்புரோயேட் ஒரு நாளைக்கு 650 மில்லிகிராம் வரை சாப்பிட்டவர்களுக்கு 6.3 சதவீதமாக இருந்த ஆபத்து, 1,450 மில்லிகிராமுக்கு மேல் போனபோது 25.2 சதவீதம் ஆனது. அதாவது நாலில் ஒரு குழந்தை.

படிப்பிலும் பாதிப்பு

உடல் குறை கண்ணுக்கு தெரியும். புத்தி வளர்ச்சி பாதிப்பு பள்ளிக்கூடம் போகும்போதுதான் தெரியும். அமெரிக்கா, இங்கிலாந்து டாக்டர்கள் சேர்ந்து நடத்திய ஒரு ஆய்வில், வால்புரோயேட் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளை 6 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். 2013-ல் முடிவு வந்தது. மற்ற மாத்திரைகள் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளை விட இவர்களின் ஐ.க்யூ. அளவு 8 முதல் 11 புள்ளி வரை குறைவு. அதே ஆண்டு வெளியான டென்மார்க் ஆய்வு, ஆட்டிசம் வாய்ப்பும் கூடுவதை காட்டியது.

இதன் பிறகுதான் அரசாங்கங்கள் இறங்கின. 2018-ல் ஐரோப்பிய நாடுகளிலும் இங்கிலாந்திலும், கர்ப்பத்தடை ஏற்பாடு இல்லாமல் குழந்தை பெறும் வயது பெண்களுக்கு வால்புரோயேட் கொடுக்கக்கூடாது என்று விதி வந்தது. பாதிக்கப்பட்ட குழந்தைகளின் பெற்றோர் போராடியதால் பிரான்சில் நஷ்டஈடு திட்டமே கொண்டு வந்தார்கள்.

அப்படியானால் அது கெட்ட மாத்திரையா?

இல்லை. சில வகை வலிப்புகளுக்கு வால்புரோயேட்டை மிஞ்ச ஆள் இல்லை. காலையில் தூங்கி எழுந்ததும் கை வெட்டி இழுத்து காபி டம்ளர் தூக்கி எறியப்படும். தூக்கம் கெட்டால் பெரிய வலிப்பாக வரும். 13, 14 வயதில் ஆரம்பிக்கும் இந்த வகைக்கு அந்த மாத்திரை நன்றாக கேட்கும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், 14 வயதில் எழுதிய அதே சீட்டை வைத்து 24 வயதிலும் மருந்துக்கடையில் வாங்கிக் கொண்டே இருப்பதில்தான். "வலிப்பு வரலை, பிறகு எதுக்கு டாக்டர் பீஸ்?" என்று இருந்து விடுகிறார்கள். நடுவில் பெண்ணுக்கு கல்யாணம் ஆகி விட்டது என்பது மருந்துக்கடைக்காரருக்கு தெரியாது. ஒற்றை தலைவலிக்கும், மனநல பிரச்சினைக்கும் கூட இதே மாத்திரை கொடுக்கப்படுவது உண்டு. அந்த பெண்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

மாத்திரையை மாற்றுவது சட்டை மாற்றுவது மாதிரி அல்ல. புதியதை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பழையதை கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். மாற்றிய பிறகு வலிப்பு வராமல் இருக்கிறதா என்று சில மாதம் பார்க்க வேண்டும். இதனால்தான் குழந்தை பெறும் திட்டத்துக்கு 6 மாதமோ ஒரு வருடமோ முன்பே டாக்டரிடம் பேச வேண்டும். புதிய மாத்திரை கேட்காமல், சில பெண்களுக்கு பழையதையே குறைந்த டோசில் தொடர வேண்டியும் வரலாம். அதை பெண்ணும் டாக்டரும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

புதுசு எல்லாம் நல்லது அல்ல

புது மாத்திரை என்றாலே பாதுகாப்பு என்று நினைக்கவும் கூடாது. டோபிரமேட் புது வரிசையில் வந்த மாத்திரைதான். ஆனால் உதடு பிளவு, குறைந்த எடை ஆகியவற்றுடன், ஆட்டிசம், புத்தி வளர்ச்சி குறைவு வாய்ப்பும் கூடுவதாக 2022-ல் வடக்கு ஐரோப்பிய நாடுகளின் ஆய்வு சொன்னது. 2024-ல் இங்கிலாந்து இதற்கும் கட்டுப்பாடு கொண்டு வந்தது.

லாமோட்ரிஜினில் வேறு தொல்லை. கர்ப்பம் வளர வளர இந்த மாத்திரையை உடம்பு வேகமாக வெளியேற்றி விடும். போன மாதம் போதுமாக இருந்த டோஸ் இந்த மாதம் போதாது. ரத்தத்தில் அளவு பார்த்து ஏற்ற வேண்டும். குழந்தை பிறந்ததும் உடம்பு பழைய நிலைக்கு திரும்பும். அப்போது டோசை இறக்கா விட்டால் தலைச்சுற்று, தள்ளாட்டம் வரும்.

இதை ஒழுங்காக செய்தால் பலன் உண்டு என்பதை 2020-ல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. அதில் கர்ப்பிணிகளில் 74 சதவீதம் பேருக்கு டோஸ் மாற்றப்பட்டது. முடிவில் கர்ப்பமாக இல்லாத பெண்களை விட அவர்களுக்கு வலிப்பு கூடவில்லை.

மொத்தத்தில் கிடைத்த லாபம் என்ன? பன்னாட்டு பதிவேட்டில் 2000-2005 காலத்தில் 6 சதவீதமாக இருந்த பிறவிக்குறை, 2010-2013 காலத்தில் 4.4 சதவீதமாக இறங்கியது. வால்புரோயேட், கார்பமசெபின் குறைந்து, லாமோட்ரிஜின், லெவெடிரசெட்டம் கூடியதுதான் இதற்கு காரணமாக சொல்லப்படுகிறது. மாத்திரையை மாற்றியதால் பெரிய வலிப்பு கூடி விடவும் இல்லை.

போலிக் ஆசிட் மறக்காதீங்க

போலிக் ஆசிட் மாத்திரை முதுகுத்தண்டு பிளவை தடுக்கும் என்பது 1991-ம் ஆண்டு ஆய்விலேயே உறுதியானது. ஆனால் அதையும் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கினால்தான் பலன். வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு 5 மில்லிகிராம் எழுதும் வழக்கம் இங்கே உண்டு. அவ்வளவு தேவையா, குறைந்த அளவு போதுமா என்பதில் டாக்டர்கள் நடுவே இப்போது இரண்டு கருத்து இருக்கிறது. எனவே அளவை டாக்டர் சொல்லட்டும். ஆனால் தொடங்காமல் இருக்கக்கூடாது.

5-வது மாதம் வாக்கில் எடுக்கும் முழு உடல் ஸ்கேனை தவற விடக்கூடாது. முதுகுத்தண்டு, இதயம், உதடு எல்லாம் அதில் பார்க்கப்படும். ஸ்கேன் எடுப்பவரிடம் "வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று மறக்காமல் சொல்ல வேண்டும்.

பிரசவம், தாய்ப்பால்

வலிப்பு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஆபரேஷன் செய்ய வேண்டியது இல்லை. பெரும்பாலானவர்களுக்கு சுகப்பிரசவம் ஆகிறது. பிரசவ வலி வந்த அன்றும் மாத்திரையை விடக்கூடாது. ஆஸ்பத்திரி பையில் குழந்தை துணியோடு மாத்திரை அட்டையும் இருக்க வேண்டும்.

தாய்ப்பால் கொடுக்கலாமா? கொடுக்கலாம். ஒரு காலத்தில் "பால்ல மருந்து இறங்கும்" என்று தடுத்தார்கள். வலிப்பு மாத்திரை சாப்பிட்டுக் கொண்டே பால் கொடுத்த தாய்மார்களின் குழந்தைகள் 6 வயதில் ஐ.க்யூ. சோதனையில் குறையவில்லை, 4 புள்ளி கூடுதலாகவே எடுத்தார்கள் என்று 2014-ல் ஒரு ஆய்வு வந்தது. பீனோபார்பிட்டோன் சாப்பிடுபவர்களின் குழந்தை பால் குடிக்காமல் தூங்கி வழிந்தால் மட்டும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தூக்கம் கெட்டால் வலிப்பு வரும். அதனால் இரவில் குழந்தையை பார்க்க அம்மாவோ, மாமியாரோ, கணவரோ முறை வைத்துக் கொள்ள வேண்டும். பாய் விரித்து தரையில் உட்கார்ந்து பால் கொடுப்பது நல்லது. தனியாக இருக்கும்போது குழந்தையை குளிப்பாட்ட கூடாது. நம்மூரில் பாட்டி காலில் போட்டு குளிப்பாட்டுவதே இதற்கு சரியான ஏற்பாடு.

குழந்தைக்கும் வருமா?

"அம்மாவுக்கு இருந்தா பிள்ளைக்கும் வரும்" என்பது தவறு. இப்படிப்பட்ட தாய்மார்களின் குழந்தைகளில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டவர்களுக்கு வலிப்பு வருவது இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. இதற்கு முன்பு வலிப்பே வராத கர்ப்பிணிக்கு 5 மாதத்துக்கு பிறகு தலைவலி, கால் வீக்கம், கண் மங்கல், ரத்தக்கொதிப்புடன் வலிப்பு வந்தால், அது வேறு நோய். கர்ப்பத்தால் வரும் ரத்தக்கொதிப்பு வலிப்பு. அதற்கு மெக்னீசியம் சல்பேட் ஊசி போட வேண்டும். ஒரு நிமிடம் கூட தாமதிக்காமல் 108 ஆம்புலன்சை கூப்பிட வேண்டும்.

வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது

* இடது பக்கமாக ஒருக்களித்து படுக்க வையுங்கள்.
* பக்கத்தில் உள்ள கூர்மையான பொருட்களை அகற்றுங்கள். தலைக்கு துணியை மடித்து வையுங்கள்.
* வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர் எதுவும் கூடாது.
* கையில் சாவி, இரும்பு கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை.
* கை, காலை அழுத்தி பிடிக்க வேண்டாம்.
* கடிகாரத்தை பாருங்கள். கர்ப்பிணி என்றால் வலிப்பு நின்று விட்டாலும் ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பும் முன்பே மறுபடி வந்தாலோ 108-ஐ கூப்பிடுங்கள்.

கல்யாணத்துக்கு முன்பே பேசுங்க

கடந்த 25 வருடத்தில் மாத்திரைகள் மாறின, டோஸ் கணக்கு மாறியது, சட்டம் மாறியது. ஆனால் இவை எல்லாம் ஒரு பெண்ணுக்கு பயன்பட வேண்டும் என்றால், கர்ப்பத்துக்கு முன்பே அவள் டாக்டர் முன்னால் உட்கார வேண்டும். மாமியார் வீட்டில் மாத்திரையை ஒளித்து வைக்கும் பெண்ணால் அது முடியாது.

எனவே வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண் வீட்டில் இருந்தால், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டில் சொல்லி விடுவது நல்லது. பழைய சீட்டை எடுத்துக் கொண்டு நரம்பியல் டாக்டரிடம் ஒரு தடவை போய், "கல்யாணம் ஆகப்போகுது, இந்த மாத்திரை சரிதானா?" என்று கேட்க வேண்டும். கூட மாப்பிள்ளையும் போனால் இன்னும் நல்லது.

ஏற்கனவே கர்ப்பமாகி விட்டவர்கள் இதை படித்து விட்டு பயந்து மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள். வால்புரோயேட் சாப்பிடுபவர்களும்தான். இன்றைய வேளை மாத்திரையை போட்டு விட்டு, நாளைக்கே டாக்டரிடம் போங்கள்.